எண்ணெய் கம்பெனிப் பங்கு, ‘பி’ வகை, தானாக மறுமுதலீடு: ஒரே தாளில் மூன்றும் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள் (போனது 23,052 ராண்ட்)

23,052 ராண்ட். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் “போனது போகட்டும்” என்று நாமும் விட்டுவிடுவோம், அடுத்த ஆள் போய் அதே நாற்காலியில் உட்காருவார். கடைசியில் பங்கு வகைகளைப் பற்றியும் டிவிடெண்ட் (கம்பெனி பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) மறுமுதலீட்டைப் பற்றியும் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

பணம் மச்சானுடையது. கணக்குப் பார்ப்பது, மின்னஞ்சல் எழுதுவது, போனில் அவர்கள் போடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பது என் வேலை. பெயரைச் சொல்லப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாலில் சின்ன அலுவலகமும் கையில் ஒரு மொபைல் ஆப்பும் வைத்துக்கொண்டு, ராண்ட் கொடுத்தால் வெளிநாட்டுப் பங்கு வாங்கித் தரும் முதலீட்டு ஏஜென்சி. அந்த மாதிரிக் கடை இங்கே நிறைய இருக்கிறது.

2024 ஏப்ரலில் 1,20,000 ராண்ட் போயிற்று. பாதி “ஷெல் பி, டிவிடெண்ட் தானாக மறுமுதலீடு”. மீதிப் பாதி, தென்னாப்பிரிக்க எரிபொருள் கம்பெனியான சாசோலில்: “சாசோல் பி, நம்ம மக்களுக்கான சலுகைப் பங்கு”. இந்த வார்த்தைகள் அவர்கள் கொடுத்த தாளிலேயே இருக்கின்றன, தாள் என் முன்னால் இருக்கிறது.

நம்பிக்கை எங்கே விழுந்தது தெரியுமா? பென்சிலில். எதிரே உட்கார்ந்திருந்த தம்பி நல்ல தமிழ் பேசினார். டர்பனில் ஒரு அலுவலக மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழ் கேட்பதே அபூர்வம், பாதி ஆள் அதிலேயே சாய்ந்துவிடுவார். வெள்ளைத் தாளில் நடுவே ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் ஏ, வலப்பக்கம் பி. ஏ-க்குக் கீழே “டச்சு வரி 15%”, பி-க்குக் கீழே “0” என்று எழுதி, அந்த சைபரை இரண்டு முறை வட்டமிட்டார். “விஷயம் தெரிஞ்சவங்க பி-தான் வாங்குவாங்கண்ணே.” மச்சான் கையெழுத்துப் போட்டது அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. 2005-ல் டச்சுக் கம்பெனியும் ஆங்கிலக் கம்பெனியும் ஒன்றான பிறகு ஷெல்லுக்கு ஏ, பி என்று இரண்டு பங்கு இருந்தது. ஏ-யின் டிவிடெண்டில் நெதர்லாந்து 15 சதவீதம் பிடிக்கும். பி-க்கு அது பிரிட்டன் வழியாக வரும்படி தனி ஏற்பாடு, பிடித்தம் கிடையாது. நம் ஊர் ஆளுக்கு பி-தான் லாபம் என்பதில் அப்போது சந்தேகமே இல்லை. ஆனால் 2021 கடைசியில் கம்பெனி தன் வரி இருப்பிடத்தை பிரிட்டனுக்கு மாற்றி, 2022 ஜனவரியில் இரண்டையும் ஒரே பங்காக ஆக்கிவிட்டது. அதே மாதம் பெயரிலிருந்து ‘ராயல் டச்சு’ம் போயிற்று. 2024-ல் ‘ஷெல் பி’ என்று ஒன்று உலகத்தில் எங்கும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் செத்த பங்கின் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

அப்படியானால் கணக்கில் விழுந்தது என்ன? நியூயார்க் ஏடிஎஸ், 42. வெளிநாட்டுப் பங்கை ஒரு வங்கி (டெபாசிட்டரி) வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அமெரிக்கச் சந்தையில் டாலரில் விற்கும் பத்திரம்தான் ஏடிஎஸ். ஒரு ஏடிஎஸ் என்பது லண்டனின் இரண்டு சாதாரணப் பங்கு (பிபி என்ற இன்னொரு எண்ணெய் கம்பெனி என்றால் ஆறு, இந்த விகிதம் தெரியாமல் டிவிடெண்ட் கணக்குப் போட்டால் தலை சுற்றும்). ஏடிஎஸ் வாங்கியதில் தப்பில்லை. லண்டனில் வாங்கினால் 0.5 சதவீத முத்திரைத் தீர்வை உண்டு, ஏடிஎஸ்ஸுக்கு அது கிடையாது. ஆனால் ஏடிஎஸ்ஸுக்கு டெபாசிட்டரி கட்டணம் வரும், டிவிடெண்ட் டாலரில் மட்டும்தான் வரும். இதைச் சொல்லி விற்றிருந்தால் சரி. சொல்லவில்லை.

அடுத்தது ‘மறுமுதலீடு’. இந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு சாமான் இருக்கிறது, மோசடியெல்லாம் அந்த இடுக்கில்தான் நடக்கிறது. ஒன்று ஸ்கிரிப்: பணத்துக்குப் பதில் கம்பெனியே புதுப் பங்கு அச்சடித்துத் தரும், தரகும் இல்லை, முத்திரைத் தீர்வையும் இல்லை. இரண்டாவது டிரிப்: கம்பெனி சார்பாக ஒரு நிர்வாகி உங்கள் டிவிடெண்டை வைத்துச் சந்தையில் பங்கு வாங்குவார், தரகும் தீர்வையும் உங்கள் தலையில், ஆனால் பெரும்பாலும் குறைவு. மூன்றாவது, ஆப்புக்காரன் தானே செய்யும் ‘தானியங்கி வாங்கல்’. அதற்கும் எண்ணெய் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கட்டணம் அவன் வைத்ததுதான். தாளில் எழுதியிருந்த “கட்டணமில்லாப் புதுப் பங்கு” ஸ்கிரிப்பின் வர்ணனை. ஷெல் ஸ்கிரிப்பை 2015-ல் திரும்பக் கொண்டுவந்து 2017-ம் வருஷ முடிவோடு நிறுத்திவிட்டது. பிபியும் 2019-ல் நிறுத்திவிட்டது. சும்மா நிறுத்தவில்லை, பங்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நாளைக்கு டிவிடெண்ட் சுமையும் ஏறும். ஆக, செத்த பங்கின் மேல் செத்த திட்டம். மச்சானுக்குக் கிடைத்தது மூன்றாவது சாமான்.

ஒரே ஒரு காலாண்டைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 2024 ஜூன். பங்குக்கு 0.344 டாலர், ஏடிஎஸ்ஸுக்கு 0.688. 42-க்கு 28.90 டாலர் வர வேண்டும். முதலில் 15 சதவீதம் “அமெரிக்க வரி” என்று 4.33 டாலரை வெட்டினார்கள். மீதி 24.57. அதை ராண்டாக மாற்றினார்கள், டாலருக்கு 18 என்று வைத்தால் 442, அதில் 2 சதவீதம் மாற்றுக் கழிவு போக 433. பிறகு ‘மறுமுதலீட்டுக் குறைந்தபட்சக் கட்டணம்’ 150 ராண்ட். மீதி 283. அதைத் திரும்ப டாலராக மாற்ற இன்னொரு 2 சதவீதம். பங்கு வாங்கப் போனது 15.43 டாலர். டாலரில் வந்த டிவிடெண்டை டாலர் பங்கு வாங்க எதற்கு ராண்டாக்க வேண்டும் என்று கேட்டேன். “சிஸ்டம் அப்படித்தான் சார்.”

28.90-ல் மிஞ்சியது 15.43. கிட்டத்தட்ட பாதி போயிற்று. போனது ராண்டில் சுமார் 242. ஆறு காலாண்டுக்கு 1,452.

அந்த 15 சதவீதம் வெட்டியதே முழுத் தப்பு. ஷெல் பிரிட்டிஷ் கம்பெனி, பிரிட்டன் டிவிடெண்டில் பிடித்தம் செய்வதில்லை. நியூயார்க்கில் விற்றாலும் அது அமெரிக்க வருமானம் ஆகாது. எக்ஸான், செவ்ரான் போன்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கினால்தான் 30 சதவீதம், அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15. தப்பாகப் பிடித்ததை சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) வரவு வைக்கும் என்றும் நினைக்காதீர்கள். வெளிநாட்டில் சட்டப்படி செலுத்த வேண்டியிருந்த வரிக்குத்தான் கழிவு, எவனோ தவறுதலாக வெட்டியதற்கு இல்லை. இங்கே தனிநபருக்கு வெளிநாட்டு டிவிடெண்டின் மேல் அதிகபட்சம் 20 சதவீதம், அதை மச்சான் தனியாகக் கட்டியாக வேண்டும், மறுமுதலீடு செய்து கையில் காசே வராவிட்டாலும்.

ஷெல் பாதியின் கணக்கு: உள்ளே போகும்போது மாற்றுக் கழிவு 1,200, நுழைவுக் கமிஷன் 900, காலாண்டு வெட்டுகள் 1,452, போன மாதம் 55,000-க்கு விற்று வெளியே வந்தபோது 1,100, கணக்கை மூட 850. மொத்தம் 5,502. பங்கு விலையும் ராண்டும் ஆடியதை நான் சேர்க்கவில்லை, அது சந்தை.

பெரிய ஓட்டை சாசோல் பக்கம். சாசோல் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, விற்றவன் மேல்தான். ஜேஎஸ்இ-யில் (ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தை) சாசோலுக்கு இரண்டு பங்கு: எஸ்ஓஎல் என்ற சாதாரணப் பங்கு, எஸ்ஓஎல்பிஈ1 என்ற பிஇஇ பங்கு (பிஇஇ என்பது நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்ட இனத்தவரின் பொருளாதார முன்னேற்றத்துக்கான திட்டம்). டிவிடெண்ட் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இரண்டாவதை சந்தையின் தனிப் பிரிவில், தகுதியுள்ளவர்கள் தங்களுக்குள் மட்டும்தான் வாங்கி விற்கலாம். வாங்கும் கூட்டம் சிறியது, அதனால் விலை எஸ்ஓஎல்லோடு ஒட்டிப் போகாது. விற்க நினைத்த அன்று வாங்க ஆள் இருப்பான் என்றும் நிச்சயமில்லை.

தகுதி யாருக்கு? இதைத் தமிழில் படிக்கிறவர்கள் கவனியுங்கள், நம்மில் பாதிப் பேர் மாட்டும் இடம் இது. “நீங்க இந்தியர்தானேண்ணே, தகுதி தானா வந்துடும்” என்றார் அந்தத் தம்பி. வராது. சட்டத்தில் இந்தியர் உண்டு, ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். குடியுரிமை வாங்கியவர் என்றால் 1994 ஏப்ரல் 27-க்கு முன் வாங்கியிருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே வாங்கும் உரிமை இருந்திருக்க வேண்டும். கரும்புத் தோட்டத்துக்கு வந்த பாட்டன் வழியில் மெரிபேங்கில் பிறந்தவருக்குப் பிரச்சினை இல்லை. 2011-ல் குடியுரிமை பெற்ற என் மச்சானுக்கு அது கிடையவே கிடையாது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டது மச்சான் இல்லை. மற்ற இடமெல்லாம் நீல மை, அந்த ஒரு டிக் மட்டும் கறுப்பு மை.

2025 ஜனவரியில் கடிதம் வந்தது. சரிபார்ப்பில் தேறவில்லை, பத்து நாளில் விற்றாக வேண்டும். 60,000-ல் ஆரம்பக் கட்டணம் 1,800 எடுத்து 58,200-க்கு வாங்கிய பங்கு 43,650-க்குப் போயிற்று. அதிலும் ‘வெளியேற்றக் கட்டணம்’ 1,200. கைக்கு வந்தது 42,450. நஷ்டம் 17,550. விலை இறங்கினால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். வாங்கவே கூடாத பங்கைத் தலையில் கட்டி, சந்தை படுத்திருந்த மாதத்தில் அவசரமாக விற்க வைத்தவன்தான் பொறுப்பு.

இதற்கும் ‘மறுமுதலீடு’ டிக் போட்டிருந்தார்கள். தாளில் 2022 ஆகஸ்டின் 14.70, 2023-ன் 7, 10 என்று ராண்ட் டிவிடெண்டெல்லாம் பெரிய எழுத்தில் இருந்தது. 2024 பிப்ரவரியில் அது 2 ராண்டாக விழுந்தது மட்டும் தாளில் இல்லை. அந்த ஆகஸ்டில் டிவிடெண்டே இல்லை. மறுமுதலீடு செய்ய எதுவும் வரவில்லை, வசதிக் கட்டணத்தை மட்டும் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டார்கள்.

17,550-ம் 5,502-ம் சேர்த்தால் 23,052.

கேட்கப் போனால்? முதல் போனில், “கணக்கில் உங்க பெயர் இல்லை, தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பேச முடியாது.” மச்சானிடம் அதிகாரக் கடிதம் வாங்கி அனுப்பினேன். “ஏழு வேலை நாட்கள்.” ஒன்பதாம் நாள் வேறு ஒரு பெண், முதலிலிருந்து கதை சொல்லச் சொன்னார். பிறகு, அந்தத் தம்பி “இப்போது எங்களிடம் இல்லை”. பிறகு ஒரு மின்னஞ்சல்: வாடிக்கையாளர் நிபந்தனைகளைப் படித்து ஏற்றுக்கொண்டார். ஆலோசனைப் பதிவைக் கேட்டேன். என்ன கேட்டார், என்ன பரிந்துரைத்தார்கள், ஏன் என்று எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது ஃபைஸ் சட்டம் (நிதி ஆலோசனை தருபவர்களுக்கான சட்டம்). “அது ஆலோசனை இல்லை சார், தகவல் மட்டும்.” சைபருக்கு இரண்டு வட்டம் போட்டது தகவலாம்! இந்த டர்பனில் ஷெல்லும் பிபியும் சேர்ந்து நடத்திய சாப்ரெஃப் சுத்திகரிப்பு நிலையமே 2024-ல் ஒரு ராண்டுக்கு அரசுக் கம்பெனியிடம் போயிற்று. அந்தப் புகையை முகர்ந்து வளர்ந்த ஊரில் எண்ணெய் கம்பெனிப் பெயரைச் சொல்லி நம்பிக்கை வாங்குவது எவ்வளவு சுலபம் என்று இவர்களுக்குத் தெரியும்.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. சுருக்கமாக. பங்கின் சந்தைக் குறியீட்டை எழுத்தில் வாங்குங்கள், ‘பி வகை’ என்ற பேச்சு வேண்டாம். மறுமுதலீடு என்றால் கம்பெனியுடையதா ஆப்புடையதா, ஒரு தடவைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். காலாண்டு டிவிடெண்ட் சில நூறு ராண்ட்தான் என்றால் மறுமுதலீட்டையே அணைத்துவிட்டு, டாலரிலேயே சேர்த்து வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குங்கள். எஃப்எஸ்சிஏ (நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையம்) தளத்தில் உரிம எண்ணைப் போட்டு, அது பங்குக்கான உரிமமா அல்லது இன்சூரன்ஸுக்கு மட்டுமா என்று பாருங்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். பிஇஇ படிவத்தை உங்கள் கையால் மட்டும் நிரப்புங்கள். பென்சில் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எழுத்துப் புகார் கொடுத்தால் அவர்களுக்கு ஆறு வாரம் அவகாசம், அதன் பிறகு ஃபைஸ் ஓம்பட் (நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. எங்கள் ஆறு வாரம் வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. இன்று சாயங்காலம் அவர்களிடமிருந்து மச்சானுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: “உங்கள் சேவை அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”