கருப்பட்டி விற்க எது தோது: பெரிய தளமா, வாட்ஸ்அப்பா?

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் தம்பி ஒருவர், "அண்ணே, ஆன்லைன்ல போட்டா ஓடுமா?" என்று கேட்டார். பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம், வாட்ஸ்அப் இரண்டிலும் விற்றுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

செலவு
தளம்: கமிஷன், அனுப்பும் கட்டணம் எல்லாம் பிடித்தது போக மிச்சம்தான் கைக்கு வரும்.
வாட்ஸ்அப்: கூரியர் காசும் அட்டைப்பெட்டியும்தான்.

கண்ணில் படுவது
தளம்: கருப்பட்டி என்று தேடினால் விளம்பரத்துக்குப் பணம் கட்டிய பெரிய கம்பெனிகள்தான் முன்னால் நிற்கின்றன. என் சரக்கு எங்கோ கீழே கிடந்தது. பண்டிகைத் தள்ளுபடி வந்தால் அவர்கள் விலைக்கு இறங்க நம்மால் ஆகாது. சீனி கலந்ததும் கலக்காததும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.
வாட்ஸ்அப்: தெரிந்தவர் நாலு பேருக்குச் சொன்னால்தான் உண்டு. ஆனால் ருசி கண்டவர் மறுபடி கேட்பார்.

திரும்பி வருவது
தளம்: ஐப்பசி மழையில் கருப்பட்டி கசியும். கசிந்து திரும்பியதை யார் வாங்குவார்? நஷ்டம் என் தலையில்.
வாட்ஸ்அப்: மழை விடட்டும் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஜிஎஸ்டி
தளம்: பதிவில்லாத சிறு வியாபாரியும் 2023 அக்டோபர் முதல் விற்கலாம், தமிழ்நாட்டுக்குள் மட்டும்.
வாட்ஸ்அப்: வருஷ விற்பனை ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்புக்குள் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

வருஷம் முழுக்கச் சரக்கு வைத்து, விளம்பரத்துக்கும் செலவழிக்க முடிந்தவர் தளத்துக்குப் போகலாம். பதநீர்க் காலத்தில் மட்டும் காய்ச்சும் தம்பிக்கு வாட்ஸ்அப்தான் சரி. அப்புறம், முன்பணம் வாங்காமல் பார்சல் கட்ட வேண்டாம்.