காலை ஏழு மணிக்கு யார் கதவைத் திறப்பது? சுங்கை சிப்புட்டில் எங்கள் மூத்தோர் மையம் போகவேண்டிய வழி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் மூத்தோர் மையத்துக்கு அடுத்த மாதம் பொதுக்கூட்டம். கணக்கு வாசித்துவிட்டுத் தேநீர் குடித்துக் கலையும் கூட்டமாக இது இருக்கக்கூடாது, ஏனென்றால் இந்த மையம் இனி எதற்கு என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஊருக்குள் நான்கு பேச்சு ஓடுகிறது. இப்போது இருப்பது போலவே பொழுதுபோக்கு இடமாக விடலாம் என்கிறார்கள் சிலர். சமூகநலத் துறையில் பதிந்து 'பாவே' எனப்படும் நடவடிக்கை மையம் ஆக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். படுத்த படுக்கையாகவும் தள்ளாமையோடும் இருப்பவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடமாக்கலாம் என்பது மூன்றாவது. மண்டபமாக வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் முதியவர்களுக்கு உதவலாம் என்பது நான்காவது. நான் செயற்குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன், அம்மாவைத் தினமும் மோட்டாரில் கொண்டுவந்து விடுபவனும் நான்தான்.

இப்போது இருக்கும் நிலைமையிலிருந்து தொடங்குகிறேன். மையம் திறப்பது ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்கு அந்தப் பக்கம் போனால் வாசல் படியில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் கோப்பி ஓ பொட்டலம், மடியில் துண்டு. ஒருநாள் ஒரு பாட்டியிடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "என்னா தம்பி பண்றது, நாலு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துருது, வீட்டுல எல்லாம் தூங்குதுங்க, பாத்திரத்த உருட்டுனா திட்டுதுங்க" என்றார். ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்த உடம்பு அது. விடிவதற்கு முன் இருக்கும் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும், அதனால் தோட்டத்து வாழ்க்கை முழுக்க இருட்டில்தான் தொடங்கியது. அப்படிப்பட்டவர்களுக்கு அலுவலக நேரத்தில் ஒரு மையம் நடத்துகிறோம். ஒன்பது மணிக்குத் திறந்து, தொலைக்காட்சியைப் போட்டு, கேரம் பலகையை எடுத்து வைப்பதற்குள் வெயில் ஏறி, பத்தரைக்குப் பாதிப் பேர் சமையலுக்கென்று கிளம்பிவிடுகிறார்கள். பதிவேட்டில் 40 பெயர் இருக்கிறது, வழக்கமாக வருவது 15 பேர். இது பொழுதுபோக்கு மையத்தின் குற்றம் இல்லை, நேரத்தின் குற்றம். இருந்தாலும் இதை இப்படியே விடுவது எனக்குச் சம்மதமில்லை, ஏனென்றால் வருகிற அந்த 15 பேரும் நடக்கத் தெம்புள்ளவர்கள், மீதிப் பேர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

மண்டப யோசனையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். பணம் வரும், உண்மைதான். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், சனிக்கிழமை டியூசன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை நாற்காலி இறக்கினால் ஞாயிறு இரவு வரை கிழவிகளுக்கு இடமில்லை. பக்கத்து ஊர் ஒன்றில் இப்படித்தான் தொடங்கினார்கள், கடைசியில் பலகையில் மட்டும் மூத்தோர் என்று இருந்தது.

முதியோர் இல்லம் என்றும் ஒருவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் 1993 ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கினாலே பதிவு கட்டாயம். தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, நகராண்மைக் கழகம் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும், இரவுக்கு ஆள் வேண்டும். ஏழை முதியவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்). அதை வாங்கிக்கொண்டு ஒருவரை இரவும் பகலும் பார்க்க முடியாது. நம்மால் ஆகாத காரியத்தில் இறங்கிப் பாதியில் விட்டால், விடப்படுவது மனிதர்கள்.

சரி, உண்மையான போட்டி இரண்டுக்குத்தான்: பாவேயா, பகல் பராமரிப்பா.

பாவே என்பது சமூகநலத் துறை, அதாவது ஜே.கே.எம். ஆதரவில் நடக்கும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம். 60 வயது ஆனவர்கள் சேரலாம். உள்ளூர்க் குழு நடத்தும், தன்னார்வலர்கள் வேலை செய்வார்கள், அரசு மானியம் உண்டு. உடற்பயிற்சி, இரத்த அழுத்தம் சர்க்கரை பார்ப்பது, கைவேலை, சமய வகுப்பு, கைப்பேசி பழகுவது எல்லாம் இருக்கும். எங்களுக்குப் பெரிய லாபம், இதில் சேர்ந்தால் கிளினிக்கிலிருந்து ஆள் வரச்சொல்லிக் கடிதம் போடும்போது நாம் யாரென்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்காண்டு வாசலில் நின்று நன்கொடை கேட்கும் நிலையும் குறையும்.

இதற்கு எதிராக நம் ஆட்களே சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அரசாங்க மையமானால் எல்லா இனத்தவரும் வருவார்கள், தமிழ் போய்விடும் என்பது. அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, கோயிலைக்கூடப் பெயர்த்துக்கொண்டு தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்கு வந்தவர்களுக்கு, கூடி உட்கார மிஞ்சிய இடம் இது ஒன்றுதான். ஆனால் நம் பாட்டிகள் பசாரில் மலாய் பேசித்தான் மீன் வாங்குகிறார்கள், காய்கறி விற்கும் சீனக் கிழவர் ஆப்பேயிடம் தமிழிலேயே பேரம் பேசுகிறார்கள், அவரும் தமிழிலேயே பதில் சொல்கிறார். அவர் ஓய்வெடுத்து இங்கே வந்து உட்கார்ந்தால் எதுவும் குறையாது. சமையலில் மட்டும் எல்லாருக்கும் ஒத்துவருகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாவேயில் உள்ள உண்மையான குறை வேறு. அது நடமாட முடிந்தவர்களுக்கானது. தானே வந்து, தானே போய், தானே கழிப்பறைக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு.

எங்கள் வரிசையிலேயே ஒரு வீடு இருக்கிறது. பாட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. பால் வெட்டும் உளி பிடித்த கை அது, கட்டைவிரல் இன்றும் உளி பிடித்த மாதிரியே மடங்கிக் கிடக்கிறது. மகள் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அவரோடு இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அண்ணே, வாரத்துல ரெண்டு நாள் மத்தியானம் யாராச்சும் பாத்துக்கிட்டா போதும். ஈப்போ ஆஸ்பத்திரில என் கண்ணக் காட்டணும், ஆறு மாசமா தள்ளிக்கிட்டே போவுது." தன் கண்ணைக் காட்ட இந்தப் பெண்ணுக்கு ஒரு மத்தியானம் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டியின் பெயரும் நம் 40 பேர் பட்டியலில் இருக்கிறது. கேரம் விளையாட வரவில்லை என்று நாமும் விட்டுவிட்டோம்.

இதனால்தான் பகல் பராமரிப்பு என்று சொல்பவர்கள் பக்கம் என் மனது போகிறது. ஆனால் அதையும் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும். அதே 1993 சட்டம், நான்கு பேருக்குக் குறையாமல், ஒரு நாளைக்குத் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரம் குறைந்தது மூன்று நாள் பார்த்துக்கொண்டால் அதைப் பகல் பராமரிப்பு மையம் என்கிறது. கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பதிவு செய்யவேண்டும். பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை வேண்டும். எங்கள் கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையாது, உள்ளே ஒரு படி வேறு. நேரமும் முட்டும்: பாட்டிகளுக்குக் காலை ஏழு முதல் பதினொன்று வேண்டும், பராமரிப்புக்கு ஆள் விடும் குடும்பத்துக்கோ வேலை முடியும் மாலை வரை வேண்டும். ஒரே ஹாலில், தன்னார்வலர் நாலு பேரை வைத்துக்கொண்டு இரண்டையும் முழுதாக நடத்துவது முடியாது.

நான் கூட்டத்தில் முன்வைக்கப் போவது இதுதான். முதலில் பாவேயாகப் பதிவோம், காலை ஏழு முதல் பதினொன்று வரை. அதே கட்டிடத்தில் செவ்வாயும் வியாழனும் மட்டும், மத்தியானம் ஒன்று முதல் நான்கு வரை, மூன்று பேருக்கு மேற்படாமல் தள்ளாதவர்களைப் பார்த்துக்கொள்வோம். இது சட்டத்தைச் சுற்றிப் போகும் குறுக்குவழியாக ஆகிவிடக்கூடாது, அதனால் தொடங்குவதற்கு முன்பே ஜே.கே.எம். அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கவேண்டும். ஒரு வருடம் நடத்திப் பார்த்தால் எத்தனை வீட்டில் உண்மையான தேவை இருக்கிறது, யார் கைகொடுக்கிறார்கள் என்று தெரியும். அப்புறம் முழுநேரப் பராமரிப்பு மையத்துக்கு விண்ணப்பிக்கும்போது கையில் கணக்கு இருக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் இந்த மண்ணில் பிறந்தவர். 1960 இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் பங்கு வாங்கினார்கள். மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது. அந்தச் சம்பளத்தில் பத்து வெள்ளி என்றால் என்னவென்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அன்று கட்டியவர்களில் சிலர் இன்று நம் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியூரில், ஈப்போவில், பினாங்கில், சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி அனுப்பினாலும் வேன் எண்ணெய்க் காசும் மத்தியானச் சாப்பாடும் ஓடிவிடும். வேன் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது, அதை முதல் செலவாக எழுத வேண்டும். உள்ளே இருக்கும் தோட்டங்களில் இன்னும் குடியிருப்பவர்களுக்கு, மகன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போன மோட்டார்தான் வீட்டில் இருக்கும் ஒரே வண்டி.

2030 க்குள் நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று அரசே சொல்கிறது. இளையவர்கள் வெளியேறிவிட்ட நம்மைப் போன்ற ஊர்களில் அது எப்படி இருக்கும் என்று அறிய 2030 வரை காத்திருக்க வேண்டாம், நம் தாமானில் ஒரு சுற்று நடந்தாலே போதும்.

கூட்டத்துக்கு முன்பாகவே ஒன்று செய்யலாம், அதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை. சாவி இப்போது ஒருவரிடம் மட்டும் இருக்கிறது, அவர் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வரமுடியும். இன்னொரு சாவி வெட்டித் தாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஏழு மணிக்கு நான் திறக்கிறேன், அம்மாவை எப்படியும் அந்த நேரத்துக்குத்தான் கொண்டுவருகிறேன். சனிக்கிழமைக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும்.