கார்புரேட்டர் மிக்சர் பிடிக்க ஏஇஎம் எக்ஸ்-சீரிஸ் வைட்பேண்ட் மீட்டர்: வாங்கலாமா?

ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்து மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) கணிப்பதில் ஒரு குறை உண்டு. அந்த நிறம் ஐடிலிங்கில் வந்ததா, முழு த்ராட்டிலில் வந்ததா என்று பிளக் சொல்லாது. இந்த மீட்டர் ஓட்டும்போதே காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகக் காட்டிவிடும்: எண் கூடினால் லீன் (காற்று அதிகம்), குறைந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). 52 மி.மீ. முகப்பு, பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார். சென்சாரைக் கழற்றி வெளிக்காற்றில் காலிபரேட் செய்யும் வேலையே இல்லை, பெரிய நிம்மதி.

பொருத்தும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பங்கை (bung, சென்சாரைத் திருகும் வளையம்) எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்து சுமார் 45 செ.மீ. தள்ளி, கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே வரும்படி குழாயின் மேல்பக்கம் வெல்டிங் வையுங்கள். கீழே வைத்தால் குழாயில் தேங்கும் தண்ணீர் பட்டு, சூடான செராமிக் விரிசல் விடும். சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று கலந்து லீன் என்று காட்டும். அதை நம்பிப் பெரிய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) போட்டால் வண்டி கரும்புகை தள்ளும். மீட்டருக்கு கரண்ட் இல்லாமல் சென்சாரைக் குழாயில் விட்டு ஓட்டவே கூடாது. ஹீட்டர் வேலை செய்யாததால் கரி படிந்து சென்சார் வீணாகும்.

நீடில் வைத்த ஸ்லைடு கார்புரேட்டரில் முதலில் மெயின் ஜெட். முழு த்ராட்டிலில் 12.5 முதல் 13 வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். தினசரி ஓட்டத்தில் அந்த நிலைக்குப் போவதே அபூர்வம். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் பைலட்டும் (ஐடிலிங், சிறு த்ராட்டிலுக்கான ஜெட்) நீடிலும் (நடு த்ராட்டிலுக்கான ஊசி) தான். சீரான வேகத்தில் 13.5 முதல் 14.5 இருக்கட்டும், ஏர் கூல்டு எஞ்சினுக்கு 14-க்குக் கீழே இருப்பது நல்லது. லீனாக இருந்தால் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். த்ராட்டிலைத் தொட்டதும் வண்டி இழுக்காமல் தடுமாறினால் பைலட்டைப் பாருங்கள்.

பைலட்டைச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, இறுக்கினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, தளர்த்தினால் ரிச். எஞ்சின் நன்கு சூடான பிறகு ஐடிலிங் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுகூடத் திறக்காமலே அந்த இடம் வந்தால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் பெரியது.

இங்கே மீட்டரை விடக் காதை நம்புங்கள். குட்டைச் சைலன்சரில் ஐடிலிங்கின்போது வெளிக்காற்று பின்னோக்கி வந்து லீன் எண்ணைக் காட்டும். மிஸ்ஃபயர் ஆனாலும் அப்படித்தான்: எரியாத ஆக்சிஜனைத்தான் சென்சார் அளக்கிறது, மிஞ்சிய பெட்ரோலை அல்ல.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இலக்கை மாற்றிக் குழம்ப வேண்டாம். மீட்டர் லாம்டாவை (சரிவிகிதக் கலவையை 1 என்று வைக்கும் அளவு) அளந்து 14.7 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே இ10 (10% எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றினாலும் சரிவிகிதக் கலவைக்கு 14.7 தான் தெரியும்.

குறைகள்: சென்சார் ஹீட்டர் கரண்டை நன்றாக இழுக்கும், சார்ஜிங் குறைவான சிறிய பைக்கின் பேட்டரி தாங்காது. ட்யூனிங் முடிந்ததும் கழற்றிவிட்டு பங்கைப் பிளக் போட்டு மூடலாம். இரட்டைக் கார்புரேட்டரில் குழாய்கள் சேருமிடத்தில் சென்சார் வைத்தால் இரண்டின் சராசரிதான் வரும். ஒன்று ரிச், மற்றது லீன் என்றாலும் எண் அழகாகவே இருக்கும். அதனால் இரண்டு கார்புரேட்டரையும் சிங்க் செய்த (ஒரே அளவில் திறக்க வைத்த) பிறகே மீட்டரைப் பாருங்கள்.