கெர்னல் மாறினாலும் உடையாத டிரைவர்: எண்ணைக் கேட்பதா, வசதியைக் கேட்பதா, மெயின்லைனில் சேர்ப்பதா?

பயனர் நிரல்கள் உடையக் கூடாது என்பதில் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் கறாராக இருக்கும். சாதனங்களை இயக்கும் டிரைவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கெர்னலுக்கு உள்ளே நிலையான இடைமுகம் என ஒன்று இல்லை, இருக்கவும் போவதில்லை என்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய குறிப்பு கெர்னல் ஆவணங்களிலேயே கிடக்கிறது. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு ஃபங்ஷன் பெயர் மாறும், அல்லது அதற்குக் கொடுக்கும் ஓர் ஆர்க்யுமென்ட் (உள்ளீடு) காணாமல் போகும்.

4.15-இல் டைமர் கால்பேக்கின் (நேரம் முடிந்ததும் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷனின்) வடிவமே மாறியது. 5.0-இல் ஆக்சஸ்_ஓகே முதல் ஆர்க்யுமென்ட்டை இழந்தது. 5.6 முதல் ப்ராக் கோப்புகளுக்கு ஃபைல்_ஆபரேஷன்ஸ் செல்லாது, ப்ராக்_ஆப்ஸ் வேண்டும். 6.4-இல் கிளாஸ்_கிரியேட் இரண்டிலிருந்து ஓர் ஆர்க்யுமென்ட்டுக்கு இறங்கியது. 6.15-இல் டெல்_டைமர்_சிங்க் என்ற பழைய பெயரே நீக்கப்பட்டது. மெயின்லைனுக்கு (கெர்னலின் அதிகாரபூர்வ மூலநிரல் தொகுப்புக்கு) வெளியே டிரைவர் வைத்திருப்பவர் இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதற்குள்ள வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பதிப்பு எண்ணைக் கேட்பது

எல்லோரும் தொடங்கும் இடம் இதுதான். கெர்னல்_வெர்ஷன் மேக்ரோவை வைத்து, 6.4-க்குக் கீழே என்றால் இரண்டு ஆர்க்யுமென்ட், மேலே என்றால் ஒன்று என எழுதிவிடலாம். ஐந்து நிமிட வேலை. படிக்கவும் எளிது.

சிக்கல் என்னவென்றால், டிஸ்ட்ரோ (லினக்ஸ் விநியோகம்) கெர்னல்களில் அந்த எண் பொய் சொல்லும். ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இன் கெர்னல் தன்னை 5.14 என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஆனால் 9.4-இல் கிளாஸ்_கிரியேட்டின் புதிய வடிவத்தை அந்தப் பழைய எண்ணுள்ள கெர்னலுக்கே பின்னோக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். 5.14 தானே என்று நம்பி உங்கள் டிரைவர் இரண்டு ஆர்க்யுமென்ட் அனுப்பும், கம்பைலர் மறுக்கும். உடனே ரெட்ஹேட்டின் வெளியீட்டு எண்ணுக்கு என இன்னொரு நிபந்தனை. அடுத்து சூசேவுக்கு ஒன்று. இரண்டு வருடத்தில் ஒரே ஃபங்ஷனைச் சுற்றி நான்கு அடுக்கு இஃப் நிற்கும். எது எந்தக் கெர்னலுக்கு என்று எழுதியவருக்கே தெரியாது.

இன்னொரு குழி: அந்த மேக்ரோவில் கடைசி எண்ணுக்கு இருப்பது 8 பிட். 2021 பிப்ரவரியில் 4.4, 4.9 இரண்டும் .256-ஐத் தொட்டபோது அது நிரம்பி வழியும் நிலை வந்தது. மதிப்பை 255-இல் நிறுத்திவைத்தார்கள். ஆகவே 4.9.260-இல் வந்த மாற்றத்தை இந்த மேக்ரோவால் 4.9.255-இலிருந்து பிரித்தறிய முடியாது.

கெர்னலை நீங்களே கம்பைல் செய்யும் எம்பெடட் போர்டு, ஆதரிக்க வேண்டியது இரண்டே பதிப்பு என்றால் இந்த வழியே போதும். அதற்கு மேல் வேண்டாம்.

வசதியைக் கேட்பது

என்விடியா டிரைவரின் கான்ஃப்டெஸ்ட் ஸ்கிரிப்ட்டும் ஓப்பன்இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் கான்ஃபிகர் சோதனைகளும் செய்வது இதைத்தான். எதிரே இருக்கும் கெர்னல் ஹெடர்களை (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள கோப்புகளை) வைத்து நான்கு வரி சி கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்து பார்ப்பது. ஓர் ஆர்க்யுமென்ட்டுடன் கிளாஸ்_கிரியேட் கம்பைல் ஆனால் அதற்கான மேக்ரோவை எழுதிவைப்பது. பதிப்பு எண் பொய் சொல்லலாம், ஹெடர் சொல்லாது. டிஸ்ட்ரோ எதைப் பின்னோக்கிக் கொண்டுவந்தாலும் சோதனை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

விலை என்ன? முதலில் நேரம். நூறு சோதனையைத் தனித்தனியாக ஓட்டினால் பில்டைவிடக் காத்திருப்பதே அதிகமாகிவிடும். ஓப்பன்இசட்எஃப்எஸ் போலச் சோதனைக் கோப்புகளை மொத்தமாக ஒரே மேக் ஓட்டத்தில் இணையாகக் கம்பைல் செய்வது நல்லது.

இரண்டாவதுதான் ஆபத்து: சோதனை தவறான காரணத்துக்காகத் தோற்பது. ஹெடர் ஒன்று இல்லை, கம்பைலர் கொடி பொருந்தவில்லை, ஏதோ எச்சரிக்கை பிழையாக்கப்பட்டிருக்கிறது என்றால் 'இந்த வசதி இல்லை' என்று பதில் வரும், அதை நம்பி டிரைவர் தப்பான பாதையில் போகும். ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு வந்தபோது இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. பழைய என்விடியா டிரைவர்களின் சோதனை, ஃபங்ஷனை ஆர்க்யுமென்ட் இல்லாமல் அழைத்துப் பார்க்கும். பிழை வந்தால் ஃபங்ஷன் இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று பொருள். அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதே பிழை என்று ஜிசிசி 14 ஆக்கியதும், இல்லாத ஃபங்ஷன் எல்லாம் இருப்பதாகத் தெரிந்தது.

இதற்குக் காவல் எளிது. கட்டாயம் வெல்ல வேண்டிய சோதனை ஒன்று, கட்டாயம் தோற்க வேண்டியது ஒன்று என இரண்டை முதலில் ஓட்டுங்கள். இரண்டில் ஒன்று பிசகினாலும் பில்டை அங்கேயே நிறுத்துங்கள். அரைகுறையாகக் கம்பைல் ஆன டிரைவரை விட ஆகாத டிரைவர் மேல்.

எந்தச் சோதனையிலும் சிக்காத வகையும் உண்டு: வடிவம் அப்படியே இருக்க, நடத்தை மட்டும் மாறுவது. சாதனத்தோடு பகிர டிஎம்ஏ_அலாக்_கோஹிரன்ட் தரும் நினைவகம் எல்லாச் செயலிக் கட்டமைப்பிலும் பூஜ்ஜியமாக்கப்பட்டு வரும் என்ற உறுதி 5.0-இலிருந்துதான். அதை நம்பி எழுதிய டிரைவர் 4.19-இலும் ஓர் எச்சரிக்கை இல்லாமல் கம்பைல் ஆகும். சில கட்டமைப்புகளில் குப்பை மதிப்போடு ஓடும். ஜிஎஃப்பி_ஜீரோ கொடியை வெளிப்படையாகப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் பயமில்லை.

பதிலை எங்கே வைப்பது

எண்ணைக் கேட்டாலும் வசதியைக் கேட்டாலும் பதில் டிரைவர் முழுக்கச் சிதறக் கூடாது. இன்டெல் தன் நெட்வொர்க் டிரைவர்களின் தனிப் பதிப்புகளில் வைத்திருக்கும் கேகாம்பேட் ஹெடர் நல்ல முன்மாதிரி. விதி ஒன்றுதான்: டிரைவரின் உடல் ஆகப் புதிய கெர்னலுக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும், பழைய கெர்னலுக்குப் புதிய பெயரை ஹெடர் போலி செய்து தரும். டைமர்_டெலிட்_சிங்க் இல்லாத இடத்தில் அதை டெல்_டைமர்_சிங்க்காகத் திருப்புங்கள். தலைகீழாகச் செய்தால் பழைய பெயர்கள் டிரைவருக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும். நேராகச் செய்தால், பழைய கெர்னலைக் கைவிடும் நாளில் ஹெடரில் சில வரிகளை அழித்தால் முடிந்தது.

கெர்னல் ஹெடர்கள் எல்லாவற்றையும் சேர்த்த பிறகே இந்த மேக்ரோக்கள் வர வேண்டும். முந்திக்கொண்டால் கெர்னலின் சொந்த அறிவிப்பையே மேக்ரோ சிதைத்துவிடும், பிழைச் செய்தியோ சம்பந்தமில்லாத கோப்பைக் காட்டும். டைமர் கால்பேக் போல ஆர்க்யுமென்ட்டின் வகையே மாறிய இடங்களில் மேக்ரோ வித்தை வேண்டாம். வேலையைச் செய்யும் ஃபங்ஷன் சாதனத்தின் ஸ்ட்ரக்டை மட்டும் வாங்கட்டும். அதன் முன்னே பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு வரி வாசல்கள் போதும்.

டிகேஎம்எஸ்ஸும் கேஏபிஐயும்

டிகேஎம்எஸ் என்ற கருவியைப் போட்டால் பொருத்தப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது செய்வது புதிய கெர்னல் வந்ததும் உங்கள் மூலநிரலை மீண்டும் கம்பைல் செய்வது, அவ்வளவே. மூலநிரல் பொருந்தாவிட்டால் தோல்வியையும் தானாகவே செய்யும். காரணம் வேண்டுமென்றால் வார் லிப் டிகேஎம்எஸ் அடைவுக்குள் மேக்.லாக் கோப்பைப் பாருங்கள். அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கையொப்பமிட்ட நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கம்பைல் வென்றும் மாட்யூல் ஏறாது. மாக்யூடில் கருவி கொண்டு கையொப்பச் சாவியைப் பதிவு செய்து, மறுதொடக்கத்தில் உறுதிசெய்தால்தான் ஏறும்.

ரெட்ஹேட்டின் கேஏபிஐ (கெர்னலுக்கும் மாட்யூலுக்கும் இடையிலான பைனரி இடைமுகம்) வேறு வகை. குறிப்பிட்ட சிம்பல்களின் (ஃபங்ஷன், மாறி பெயர்களின்) பட்டியலை நிலையாக வைத்திருக்கிறார்கள். அவற்றை மட்டும் பயன்படுத்தும் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்யாமலே அடுத்த கெர்னலுக்கு சிம்லிங்க்காக (மூலக் கோப்பைச் சுட்டும் இணைப்பாக) கொடுத்துவிடலாம். பட்டியலுக்கு வெளியே ஒரே ஒரு சிம்பலைத் தொட்டாலும் அந்த உறுதி உங்களுக்கு இல்லை.

மெயின்லைனில் சேர்ப்பது

கணக்குப் பார்த்தால் நீண்ட காலத்துக்கு மலிவு இதுதான். இடைமுகத்தை மாற்றுபவரே அதைப் பயன்படுத்தும் மெயின்லைன் டிரைவர்களையும் திருத்த வேண்டும் என்பது அங்கே மரபு. கிளாஸ்_கிரியேட்டை மாற்றியபோது உள்ளே இருந்த டிரைவர்களின் உரிமையாளர்கள் ஒரு வரிகூடத் தொடவில்லை. ஆனால் சேர்வதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பதிப்பைச் சோதிக்கும் இஃப் ஒன்றுகூட ஏற்கப்படாது. பழைய கெர்னலில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அப்போதும் காம்பேட் ஹெடரோடு ஒரு தனிப் பிரதி வேண்டும்.

டிரைவர் உள்ளே போவதற்கு முன் கெர்னலுக்குள் ஒரு டிரைவரே தேவையா என்றும் கேட்டுப் பாருங்கள். யூஎஸ்பி சாதனமாக இருந்து வேகம் முக்கியமில்லை என்றால் லிப்யூஎஸ்பி நூலகம் கொண்டு பயனர் வெளியிலேயே (கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக) முடித்துவிடலாம். பிசிஐ சாதனத்துக்கு அதே வேலையைச் செய்ய யூஐஓ, விஎஃப்ஐஓ என்ற கெர்னல் இடைமுகங்கள் இருக்கின்றன.

மெயின்லைனுக்கு வெளியேதான் இருக்கப்போகிறீர்கள் என்றால், 5.10, 5.15, 6.1, 6.6, 6.12 போன்ற நீண்டகால ஆதரவுக் கெர்னல்களோடு, அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்கள் சேரும் லினக்ஸ்-நெக்ஸ்ட்டையும் சேர்த்து இரவுதோறும் கம்பைல் செய்யுங்கள். சுட்டி வகை பொருந்தாமை எச்சரிக்கையைப் பிழையாக்கியே வையுங்கள். கால்பேக் வடிவம் மாறியதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். லினக்ஸ்-நெக்ஸ்ட்டில் இன்று உடைவது வெளியீட்டுக்கு வரச் சில வாரங்களாவது ஆகும்.