மோட்டார்ஹோமுக்கு ஆட்டோமேட்டிக் கியர்: ஓட்டிப் பழகிய பிறகு எழுதுவது

மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) மாற்றும்போது ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். நெடுஞ்சாலையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆறாவது கியரில் போட்டுவிட்டால் மேனுவல் வண்டியிலும் மணிக்கணக்கில் கிளட்சைத் தொட வேண்டி வராது. கொடுத்த கூடுதல் காசு திரும்பி வருவது, இரவு தங்கும் இடத்துக்குள் நுழைந்த பிறகு ஓட்டும் கடைசிச் சில மீட்டர்களில். மூன்றரை டன் வண்டியைச் சரிவில், பின்பக்கமாக, மரத்துக்கும் கரன்ட் கம்பத்துக்கும் நடுவே, நடப்பதை விட மெதுவாக நகர்த்த வேண்டிய இடம் அது.

எங்கள் பழைய வண்டி ஆறு கியர் மேனுவல், முன்சக்கர இழுவை. நல்ல வண்டிதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பது மட்டும் எப்போதும் வம்பு. இந்த அளவு எடைக்கு அதன் ரிவர்ஸ் கியர் போதுமான அளவு மெதுவானதாக இல்லை. கிளட்சை முழுதாக விட்டால் வண்டி பாயும், விடாவிட்டால் பாதி அழுத்திய கிளட்சிலேயே உரசிக்கொண்டு நிற்கும். மனைவி பின்னால் நின்று வழி காட்டுவாள். "இன்னும் வாங்க, இன்னும் வாங்க" என்பது சற்று நேரத்தில் "என்னங்க, கருகுற நாத்தம் வருது, நிறுத்துங்க" என்று மாறும். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள். அவள் ஓட்டும்போது நான் பின்னால் நிற்பேன், நாற்றம் அதேதான்.

அடுத்த வண்டி பார்க்கத் தொடங்கியபோது முதலில் தலையைச் சுற்ற வைத்தது விலைப்பட்டியல். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் உள்ளுக்குள் மூன்று வெவ்வேறு அமைப்புகளை விற்கிறார்கள். விற்பனையாளரைக் கேட்டால், "கிளட்ச் பெடல் இல்லை சார், அவ்வளவுதான்" என்பார். அவ்வளவு மட்டும் இல்லை.

ஒன்று, ரோபோ வகை. இது சாதாரண மேனுவல் பெட்டிதான். உள்ளே அதே பற்சக்கரங்கள், அதே ஒற்றைக் கிளட்ச் பிளேட். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நம் காலும் கையும் செய்யாமல், ஒரு ஹைட்ராலிக் பம்பும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. மோட்டார்ஹோம் கட்ட அடித்தளமாகும் வேன்களில், ஃபியட் டுகாட்டோவின் கம்ஃபர்ட்-மேட்டிக், முதல் தலைமுறை மெர்சிடிஸ் ஸ்பிரின்டரின் ஸ்பிரின்ட்ஷிஃப்ட், பழைய இவெகோ டெய்லியின் அஜைல் எல்லாம் இந்தக் குடும்பம். இரண்டாவது டார்க் கன்வெர்ட்டர் வகை. இதில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த ஓர் உருளை இருக்கும். எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழற்றித் தள்ளும், அந்த எண்ணெய் எதிர்ப்பக்க விசிறியைத் திருப்பும். இவை இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் திருப்பு விசையை (டார்க்) ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும் குணமும் இதற்கு உண்டு. வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும், அதன்பின் வழுக்கல் கிடையாது. மூன்றாவது இரட்டைக் கிளட்ச், அதாவது ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று என்று கம்ப்யூட்டர் இயக்கும் இரண்டு கிளட்சுகள். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டரை வைத்துக் கட்டும் சிறிய கேம்பர்வேன்களில் 2009-க்குப் பிறகு பார்க்கலாம். எங்களுக்கு வேண்டிய அளவு வண்டியில் அது வராததால் அந்தப் பக்கம் போகவில்லை.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இது வெறும் தியரி அல்ல. ஐரோப்பாவில் விற்ற டுகாட்டோவை அடித்தளமாகக் கொண்ட மோட்டார்ஹோம்கள்தான் சந்தையில் அதிகம். 2006-இல் வந்த தலைமுறையில் 2019 வரை 'ஆட்டோமேட்டிக்' என்றால் ரோபோதான். அதன்பின் வந்தது டார்க் கன்வெர்ட்டர் கொண்ட 9 கியர் பெட்டி. 2024-இல் அதற்குப் பதிலாக 8 கியர் வந்தது. இவெகோ டெய்லியில் 2014 முதல் ஹை-மேட்டிக் என்ற 8 கியர் கன்வெர்ட்டர் வகை உண்டு. 2017 முதல் விற்பனையில் உள்ள ஃபோக்ஸ்வாகன் கிராஃப்டரிலும் 8 கியர் கன்வெர்ட்டர். ஸ்பிரின்டரில் 7, பிறகு 9. ஆண்டெல்லாம் நினைவில் நிற்காது என்றால் கியர் லீவரைப் பாருங்கள். அதில் 'பி' என்ற பார்க்கிங் நிலை இல்லாவிட்டால், டுகாட்டோவில் அது ரோபோ.

ரோபோ வண்டி ஒன்றை நாங்கள் ஓட்டிப் பார்த்தோம். சமதளத்தில் பழுதில்லை. ஒவ்வொரு கியர் மாறும்போதும் ஒரு கணம் இழுவை அற்றுப்போய், தலை லேசாக முன்னுக்குப் போய் வரும். மாறும் நேரம் பார்த்து ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் அதுவும் போய்விடும். ஒரு மணி நேரத்தில் பழகிவிடக்கூடிய விஷயம். ஏற்றத்துக்கென்று 'அப்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கியரை அவசரப்பட்டு மேலே மாற்றாமல் பிடித்துவைக்கும். எடை குறைவு, மெக்கானிக்குக்குப் பழகிய பாகங்கள், மைலேஜும் மேனுவல் மாதிரியே. நெடுந்தூரப் பிரயாணமே பிரதானம் என்பவர்களுக்கு இதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வியாதிக்கு மட்டும் இது மருந்தில்லை. ரிவர்ஸில் ஏற்றத்தில் நகர்த்தும்போது உள்ளே உரசுவது அதே கிளட்ச் பிளேட்தான். உரசும் அளவை நம் பாதம் உணர்ந்து கட்டுப்படுத்தவும் வழியில்லை. மேனுவலில் நாற்றமாவது நம் தவறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே டார்க் கன்வெர்ட்டர் 9 கியர், மறுபடியும் முன்சக்கர இழுவை. வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

சமன்படுத்தும் ராம்ப் மீது ஏற்றுவதைச் சொல்கிறேன். தரை சரிவாக இருந்தால் தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் ஆப்பு வடிவ பிளாஸ்டிக் படிகளை வைத்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் படுக்கையில் தலைக்கு ரத்தம் ஏறும், ஃபிரிட்ஜும் ஒழுங்காக வேலை செய்யாது. மேனுவலில் ராம்ப்பின் விளிம்பில் சக்கரம் முட்டி நிற்கும், ஆக்சிலரேட்டரை மிதித்துக் கிளட்சை விட்டால் ஒரே தாவில் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிடும். ராம்ப் ஒரு பக்கம் தெறிக்கும். மறுபடியும் முதலிலிருந்து. கன்வெர்ட்டரில் பிரேக்கை விட்டாலே வண்டி ஊரும். அந்த ஊர்தல் மட்டும் ஆப்பின் மேல் ஏறப் போதாது, முட்டி நிற்கும். அங்கே ஆக்சிலரேட்டரைச் சிறுகச் சிறுக அழுத்திக்கொண்டே போக வேண்டும். எஞ்சின் சத்தம் கூடும், வண்டி அசையாது, அசையாது, பிறகு எண்ணெய் பொறுமையாகத் தள்ளித் தள்ளிச் சக்கரம் மேலே உருளத் தொடங்கும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்குக்கு மாற வேண்டும். இடது காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே செய்யலாமே என்று தோன்றும். பல புது வண்டிகளில் இரண்டு பெடலையும் சேர்த்து அழுத்தினால் கம்ப்யூட்டர் எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும், அதனால் அந்தத் தந்திரம் எல்லா வண்டியிலும் பலிக்காது. ஒற்றைக் காலிலேயே பழகுவது நல்லது. இப்போது என் மனைவி ஒரே முயற்சியில் நிறுத்துகிறாள். நான் சில நேரம் இரண்டாவது முயற்சியில்.

ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதில் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் செய்தி. வழுக்கலால் வரும் சூடு பிளேட்டைத் தின்னாமல் எண்ணெய்க்குப் போய், அங்கிருந்து ஆயில் கூலர் வழியாக வெளியே போகிறது. பின்கண்ணாடியையும் கேமராவையும் பார்க்க இரண்டு கண்ணும் சும்மா கிடைக்கின்றன. முன்பெல்லாம் பாதி கவனம் இடது பாதத்தில் இருக்கும்.

ஓடும் சாலையில் எப்படி? முதல் கியர் மிகத் தாழ்வு, கடைசி கியர் மிக உயர்வு, நடுவில் நெருக்கமான படிகள். முழு லோடுடன் ஏற்றத்தில் திணறல் குறைந்தது நிஜம். அதற்கு கியர் மட்டும் காரணமில்லை. ஒரே எஞ்சினை ஆட்டோமேட்டிக்குடன் கொடுக்கும்போது திருப்பு விசையைக் கூட்டித் தரும் கம்பெனிகள் உண்டு. 2021-இல் வந்த டுகாட்டோவின் 180 குதிரைசக்தி எஞ்சின் மேனுவலில் 380 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 450. ஒப்பிட்டு ஓட்டிப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்பதாவது கியர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, காற்றை முட்டிக்கொண்டு போகும் பீரோ மாதிரியான இந்த உடம்புக்கு நல்ல வேகமும் சமதளமும் கிடைத்தால்தான் அது விழும். லேசான மேடு வந்தாலே எட்டுக்கோ ஏழுக்கோ இறங்கிவிடும். மைலேஜில் பழைய வண்டிக்கும் இதற்கும் சொல்லும்படியான மாற்றமில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், டீசலை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கியர் பெட்டியை விட வலது காலைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு சின்ன நெருடல். இந்த 9 கியர் வகையில் இடத்தைச் சுருக்குவதற்காக வழக்கமான தட்டுக் கிளட்சுகளில் இரண்டை எடுத்துவிட்டுப் பல்லோடு பல் கோக்கும் டாக் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். அவை கோத்துக்கொள்ள எஞ்சின் வேகம் சரியாகப் பொருந்த வேண்டும். ஆகவே நடுவேகத்தில் போகும்போது திடீரென்று முந்த நினைத்து அழுத்தினால், ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும் இடத்தில் ஒரு யோசனை இருக்கும். ஆபத்தில்லை, ஆனால் முந்துவதற்கு முன் லீவரைத் தட்டி நாமே கியரை இறக்கிக்கொள்வது என் பழக்கமாகிவிட்டது.

இறக்கம் விஷயத்தில் எனக்கு முதலில் பயமிருந்தது. பழைய காலத்து ஆட்டோமேட்டிக்குகள் இறக்கத்தில் எஞ்சின் பிரேக் தராமல் விட்டுவிடும் என்று பெயர். இப்போதைய பெட்டிகளில் லாக்-அப் பூட்டியே இருப்பதால் இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் தானாக விட்டால் போதுமான அளவு தாழ்ந்த கியருக்கு அது போகும் என்று நம்பிவிடக் கூடாது. மலை தொடங்கும் இடத்திலேயே மேனுவல் முறைக்கு மாற்றி, அதே சரிவில் ஏறுவதாக இருந்தால் எந்த கியர் வேண்டுமோ அந்த கியரைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். பிரேக் சூடேறி மிதி உள்ளே போவதை ஒருமுறை அனுபவித்தவர்கள் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ஈரப் புல்தரை என்று வந்தால் கியர் பெட்டி எதுவானாலும் ஒன்றுதான். பின்புறம் நீண்டு, சாமானெல்லாம் பின்னால் ஏறியிருந்தால் முன்சக்கரம் லேசாகிச் சுற்றும். மென்மையாகக் கிளம்பக் கன்வெர்ட்டர் உதவும், அவ்வளவே. சிக்கிக்கொண்ட பிறகு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுக்கும் வேலையை இதில் அதிகம் செய்யாதீர்கள், எண்ணெய் சட்டென்று அளவுக்கு மீறிச் சூடேறிவிடும்.

சரிவில் நிறுத்துவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. 'பி' நிலையில் வண்டியைப் பிடிப்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கி மட்டும்தான். காலால் பிரேக் பிடித்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை எடுத்து எடை முழுவதையும் ஹேண்ட் பிரேக்கில் உட்காரவிட்ட பிறகுதான் 'பி'. நேராக 'பி'யில் போட்டுக் காலை எடுத்தால் மூன்றரை டன்னும் கொக்கியில் தொங்கும். மறுநாள் காலையில் லீவரை விடுவிக்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும், கேட்கவே வயிற்றைக் கலக்கும்.

பேட்டரியையும் மறக்கக் கூடாது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள் இவை. ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கிவிட்டால் புது வண்டிகளில் 'பி'யிலிருந்து லீவர் வெளியே வராது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. (மேனுவலாக இருந்தாலும் மூன்றரை டன்னை யார் தள்ளுவது என்பது வேறு கேள்வி.) பூட்டைக் கையால் விடுவிக்கும் இடம் எங்கே என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். ரோபோ வகையில் கியரில் நின்றபடி பேட்டரி போனால் கியரிலேயே மாட்டிக்கொள்ளும். பழுதாகி இழுக்கும் நிலை வந்தால் இழுவைச் சக்கரங்கள் தரையில் உருளாதபடி தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்று மீட்பு வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எடை: கன்வெர்ட்டர் பெட்டி மேனுவலை விடக் கனம். ஐரோப்பா மாதிரி சாதாரண கார் லைசென்சுக்கு 3,500 கிலோ எல்லை இருக்கும் இடங்களில் அந்தக் கனம் சாமான் ஏற்றும் கணக்கிலிருந்துதான் கழியும். வண்டியை எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெட்டி எண்ணெய் 'ஆயுட்காலத்துக்கும் போதும்' என்று வண்டிக் கம்பெனிகள் எழுதுவதை நான் நம்புவதில்லை. பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், எண்ணெய் மாற்றச் சொல்கிறது. மோட்டார்ஹோம் கிலோமீட்டர் குறைவாக ஓடினாலும் எப்போதும் முழு லோடில் ஓடுகிறது, அதனால் ஆண்டுக் கணக்கைப் பிடித்துக்கொள்வதுதான் சரி. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது போய், 'டி'யிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிப் போட்டு, கோத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ரோபோ வகையென்றால் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பம்ப் ஓடி நிற்கும் சத்தம் கேட்கும். வண்டி சும்மா நிற்கும்போதே அந்தப் பம்ப் அடிக்கடி ஓடினால் அழுத்தத்தைச் சேமிக்கும் உருண்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றும் செலவை விலையிலிருந்து குறைத்துக் கேளுங்கள்.