அப்கிரேடை எதை வைத்துத் தொடங்குவது: பிளாக் எண்ணா, மைனர் சிக்னலா, ஓட்டெடுப்பா?

ஒரு கிரிப்டோ நெட்வொர்க்கின் விதியை மாற்ற நிரல் எழுதுவது பாதி வேலைதான். எழுதி, சோதித்து, வெளியிட்ட பிறகு மீதிப் பாதி காத்திருக்கும்: உலகம் முழுக்க யார் யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிற ஆயிரக்கணக்கான நோடுகள் (நெட்வொர்க்கின் மென்பொருளை ஓட்டும் கணினிகள்) எந்த பிளாக்கிலிருந்து (பரிவர்த்தனை ஏட்டின் ஒரு பக்கம்) புது விதிக்கு மாறுவது? ஆளுக்கொரு நேரத்தில் மாறினால் பிளாக்குகள் கோத்த செயின் இரண்டாகப் பிரிந்துவிடும். அதைத் தவிர்க்க பிட்காயின் வந்த நாளிலிருந்து பல வழிகளை முயன்று பார்த்துவிட்டார்கள், சிலது அடிதடி வரைக்கும் போனது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: ஒவ்வொரு வழியும் பிரேக்கை வேறொரு ஆளின் காலடியில் கொண்டுபோய் வைக்கிறது. யார் காலடியில் அது இருக்கலாம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், எந்த வழி என்ற சண்டையில் பாதி தானாக அடங்கிவிடும்.

எளிய வழி, நாள் குறித்துவிடுவது. 2010-லேயே பிட்காயினை உருவாக்கிய சதோஷி, பிளாக் அளவை ஏற்ற வேண்டுமானால் இன்ன பிளாக் எண்ணைத் தாண்டியதும் பெரிய வரம்பு என்று நிரலில் முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டுவிடலாம், அந்த எண் வருவதற்குள் பழைய பதிப்புகள் வழக்கொழிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். எத்தீரியம் நெட்வொர்க் தன் அப்கிரேடுகளுக்கு இதைத்தான் பல வருடம் செய்தது: ஹோம்ஸ்டெட் 11,50,000-ஆவது பிளாக், பைசான்டியம் 43,70,000, லண்டன் 1,29,65,000. யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை, டெவலப்பர்கள் கூடிப் பேசி எண்ணை அறிவிப்பார்கள், அதற்குள் எல்லோரும் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஹார்ட் ஃபோர்க்குக்கு இதை விட்டால் வேறு நேர்மையான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஹார்ட் ஃபோர்க் என்றால் பழைய நோடு புது பிளாக்கைப் பார்த்ததும் செல்லாது என்று தள்ளிவிடும், அதனால் புது பிளாக்கைக் கணக்குப் போட்டுச் சேர்க்கும் மைனர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரி என்று கைதூக்கினாலும் எக்ஸ்சேஞ்சும் வாலட்டும் மாறாவிட்டால் பிரயோஜனம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு எண், போதுமான அவகாசம், இரண்டும்தான் வேண்டும்.

ஆனால் நாள் குறித்த பிறகு கல்யாணத்தை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை எத்தீரியத்தின் கான்ஸ்டான்டினோபிள் அப்கிரேட் காட்டியது. 70,80,000-ஆவது பிளாக்கில், 2019 ஜனவரி 16 வாக்கில் நடக்க வேண்டியது. முந்தின நாள் செயின்செக்யூரிட்டி என்ற தணிக்கை நிறுவனம், புது விதிகளில் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சில ஸ்மார்ட் கான்ட்ராக்ட்களில் (செயினில் தானே ஓடும் நிரல்கள்) ரீஎன்ட்ரன்சி ஓட்டையை (ஒரு வேலை முடிவதற்குள் அதே நிரலை மறுபடி அழைத்துப் பணத்தை உருவும் வழி) திறந்துவிடும் என்று கண்டுபிடித்தது. அந்த எண்ணோ ஏற்கெனவே எல்லோருடைய மென்பொருளுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது, மைய சுவிட்ச் எதுவும் கிடையாது. ஆகவே 'நிறுத்தி வை' என்று சொல்லும் இன்னொரு புதுப் பதிப்பை அவசரமாக வெளியிட்டு, சமர்த்தாக முன்கூட்டியே அப்கிரேட் செய்து வைத்திருந்தவர்களை எல்லாம் மறுபடி ஒரு முறை அப்கிரேட் செய்யச் சொன்னார்கள். பிப்ரவரி 28-இல், 72,80,000-இல், அந்த ஒரு விதியை முடக்கிவிட்டு நடத்தினார்கள். சமாளித்துவிட்டார்கள், சரி. டெவலப்பர்கள் ஒரு சிறு வட்டமாக இருந்து, ராத்திரியோடு ராத்திரியாகச் செய்தி பரப்ப முடிந்ததால்தான் அது நடந்தது. அந்த வட்டம் இல்லாத நெட்வொர்க்குக்கு இது பெரிய ஆபத்து.

நாள் குறிப்பதிலும் பிளாக் எண்ணா கடிகார நேரமா என்று ஒரு கிளைச் சண்டை உண்டு. மைனிங் உள்ள செயினில் பிளாக் எண் எப்போது வரும் என்று மனிதர்களுக்குச் சொல்ல முடியாது, இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே போகும், நோடு நடத்துகிறவர் விடுப்புகூடத் திட்டமிட முடியாது. நேரம் வைத்தால், பிளாக்கில் நேரத்தை எழுதுவதே மைனர்தான் என்பதால் கொஞ்சம் விளையாடலாம், அதனால் பிட்காயின் குடும்பத்தில் கடைசி 11 பிளாக்குகளின் நடு நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். எத்தீரியம் மைனிங்கை விட்டு 12 விநாடிக்கு ஒரு பிளாக் இடம் என்ற ஸ்லாட் முறைக்கு வந்ததும் இந்தப் பிரச்சினையே போய்விட்டது. ஷாங்காய் அப்கிரேட் 2023 ஏப்ரல் 12, யூடிசி 22:27:35 என்று விநாடி சுத்தமாக அறிவித்தார்கள், அப்படியே நடந்தது.

இதில் ஒரு விதிவிலக்கு 2022 செப்டம்பர் 15-இல் நடந்த மெர்ஜ், அதாவது எத்தீரியம் மைனிங்கை விட்ட அப்கிரேட். அதற்கு எண்ணும் இல்லை, நேரமும் இல்லை. செயினில் அதுவரை சேர்ந்த மொத்த டிஃபிகல்ட்டி (பிளாக் எடுக்கத் தேவைப்பட்ட கணக்கு வேலையின் அளவு) ஒரு வரம்பைத் தொட்டதும் மாறு என்றார்கள். பிளாக் எண்ணை வைத்திருந்தால், யாராவது குறைந்த ஹேஷ் பலத்தோடு (மைனிங் கணினிகளின் வேகம்) தனிச் செயின் ஓட்டி அந்த எண்ணைத் தொட்டுக் குழப்பியிருக்கலாம், மொத்த டிஃபிகல்ட்டியை அப்படிப் போலியாகக் காட்ட முடியாது. யோசனை பிரமாதம். ஆனால் அதே வருடம் ராப்ஸ்டன் டெஸ்ட்நெட்டில் (ஒத்திகைக்கான நெட்வொர்க்) வேறு விதமாகக் கோணியது: அங்கே ஹேஷ் பலம் மலிவு, யாரோ கொட்டிவிட்டார்கள், குறித்த வரம்பு எதிர்பார்த்ததற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும் என்று தெரிந்ததும் அதைக் கைமுறையாக மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. நிஜ நெட்வொர்க்கில் அந்த அளவு பலத்தைக் கொட்ட யாராலும் முடியவில்லை.

இனி பிட்காயின் பக்கம். அங்கே எல்லாம் சாஃப்ட் ஃபோர்க், அதாவது விதியை இறுக்குவது மட்டும்தான், பழைய நோடுகள் புது பிளாக்கையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் பெரும்பான்மை மைனர்கள் புது விதியை அமல்படுத்தினாலே செயின் பிரியாமல் ஓடும். அப்படியென்றால் அவர்கள் தயாரா என்று கேட்டுவிட்டுத் தொடங்கலாமே? நியாயமான கேள்விதான். மைனர் தான் எடுக்கிற பிளாக்கின் வெர்ஷன் புலத்தில் ஒரு பிட்டை ஏற்றி 'நான் ரெடி' என்பார், கணக்கு நிறைந்ததும் விதி அமலாகும். ஆரம்பத்தில் கடைசி 1,000 பிளாக்கில் 950 என்று ஓடிக்கொண்டே எண்ணினார்கள், பிறகு பிப்-9 (பிப் என்றால் பிட்காயினுக்கான மாற்ற முன்மொழிவு) வந்து 2,016 பிளாக் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் 95 சதவீதம், ஒரு வருடத்தில் எட்டாவிட்டால் காலாவதி என்றானது.

'ரெடி' என்று சொல்வதும் ரெடியாக இருப்பதும் வேறு என்பது 2015 ஜூலை 4-இல் தெரிந்தது. பிப்-66 என்ற சின்ன விதி, கையெழுத்துகளின் வடிவத்தைக் கறாராக்குவது. 950 வந்துவிட்டது, அமலாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில், மாறாமல் இருந்த ஐந்து சதவீதத்தில் ஒரு சின்ன மைனர் பழைய பாணி பிளாக் ஒன்றை எடுத்தார். அது செல்லாத பிளாக், எல்லோரும் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. சிக்னல் கொடுத்திருந்த பெரிய பூல்களில் (மைனர்களின் கூட்டணிகள்) சில, நேரம் மிச்சம் பிடிக்க முந்தைய பிளாக்கைச் சரிபார்க்காமலே அதன்மேல் அடுத்ததை அடுக்கும் பழக்கத்தில் இருந்தன. நெட்வொர்க்கின் ஏறத்தாழ பாதி பலம் இப்படி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பிளாக் வரைக்கும் செல்லாத செயின் வளர்ந்தது, அந்த மைனர்கள் 50,000 டாலருக்கு மேல் இழந்தார்கள், லேசான வாலட் (விதிகளைத் தானே முழுதாகச் சரிபார்க்காதது) வைத்திருந்தவர்களுக்கு, வழக்கத்தைவிட 30 கன்ஃபர்மேஷன் (மேலே சேரும் பிளாக்) கூடுதலாகக் காத்திருங்கள் என்று எச்சரிக்கை போட வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் இது முறையின் தவறு பாதிதான். அமலாகும் நொடிக்கும் கணக்கு நிறைந்த நொடிக்கும் நடுவில் இடைவெளியே விடாதது மீதிப் பாதி.

பெரிய கூத்து, கையெழுத்துத் தரவைப் பரிவர்த்தனையிலிருந்து பிரித்து வைக்கும் செக்விட் விதியில். 2016 நவம்பர் 15-இல் சிக்னல் தொடங்கியது. டெவலப்பர்கள் தயார், வாலட்காரர்கள் தயார், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் மைனர் சிக்னல் மூன்றில் ஒரு பங்கு தாண்டவே திணறியது. பிளாக்கைப் பெரிதாக்குவதா என்ற பிளாக் அளவு சண்டை ஒரு காரணம். ஏசிக்பூஸ்ட் என்ற மைனிங் குறுக்குவழியின் ரகசிய வடிவம் செக்விட் வந்தால் வேலை செய்யாது என்று 2017 ஏப்ரலில் பிட்காயின் டெவலப்பர் கிரெகரி மேக்ஸ்வெல் எழுதியது எரிகிற தீயில் எண்ணெய். 95 சதவீதம் வேண்டும் என்றால் வெறும் ஐந்து சதவீதத்துக்கு மேல் உள்ள யாரும் தடுக்கலாம், அதுவும் ஏன் தடுக்கிறேன் என்று காரணம் சொல்லாமலே. தயாரா என்று கேட்ட கேள்வி, சம்மதமா என்ற கேள்வியாக உருமாறிவிட்டது.

அதற்குப் பதிலடிதான் யூ.ஏ.எஸ்.எஃப்., அதாவது பயனர்களே தொடங்கிவைக்கும் சாஃப்ட் ஃபோர்க். ஷாவோலின்ஃப்ரை என்ற புனைபெயரில் ஒருவர் முன்வைத்த பிப்-148 சொன்னது: 2017 ஆகஸ்ட் 1 முதல், செக்விட் சிக்னல் இல்லாத பிளாக் எதையும் எங்கள் நோடு ஏற்காது. மிரட்டல்தான், ஆனால் எடுபட்டது. எத்தனை நோடு உண்மையில் அதை ஓட்டியது என்பது இரண்டாம் பட்சம், எடுத்த காயினை எக்ஸ்சேஞ்சில் யாரும் வாங்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மைனரின் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவர்கள் அவசரமாக பிப்-91 என்ற நடுவழியைப் பிடித்தார்கள்: 336 பிளாக்கில் 80 சதவீதம் வந்தால் செக்விட் சிக்னலை நாங்களே கட்டாயமாக்குகிறோம். ஜூலை 21 வாக்கில் அது நிறைந்தது, ஆகஸ்ட் 24-இல் 4,81,824-ஆவது பிளாக்கில் செக்விட் அமலானது. பெரிய பிளாக் கேட்டவர்கள் ஆகஸ்ட் 1-ஆம் தேதியே பிட்காயின் கேஷ் என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

யூ.ஏ.எஸ்.எஃப். ஜெயித்தது என்று கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். மைனர்கள் முறைத்துக்கொண்டு நின்றிருந்தால், ஆகஸ்ட் 1 காலையில் சிறுபான்மைச் செயினில் தனியாக நின்றிருப்பது அந்த நோடு வைத்திருந்தவர்கள்தான். கடைசி ஆயுதமாகப் பையில் இருக்கட்டும், வழக்கமான வழியாக வேண்டாம்.

இந்தக் காயம் ஆறாமலே 2021-இல் பிட்காயினின் அடுத்த பெரிய விதி மாற்றமான டேப்ரூட் வந்தது. விதியைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை, எப்படித் தொடங்குவது என்பதில்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டு. தொடங்கும் முறைக்கான பிப்-8-இல் ஒரு தேர்வு இருக்கும்: கெடு முடியும்போது சிக்னல் போதாவிட்டால் கைவிடுவதா, கட்டாயமாக அமல்படுத்துவதா? பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றொன்றையும் வைத்துக்கொண்டால் அதுவே செயினைப் பிரிக்கும். கடைசியில் மார்ச்சில் ஸ்பீடி ட்ரையல் என்ற சமரசம் பிறந்தது: மூன்று மாதம் மட்டும் முயன்று பார்ப்போம், 2,016-இல் 1,815 பிளாக் அதாவது 90 சதவீதம் வந்தால் உறுதி, வராவிட்டால் சண்டையை அப்போது வைத்துக்கொள்வோம். உறுதியானாலும் உடனே அமல் இல்லை, 7,09,632-ஆவது பிளாக் வரை காத்திருக்க வேண்டும். ஜூன் 12 வாக்கில் உறுதியானது, நவம்பர் 14-இல் அமலானது. நடுவில் ஐந்து மாதம். மைனர்களுக்கு 'ஊம்' சொல்வது எளிதாகிவிட்டது, ஏனென்றால் சொன்ன மறுநாளே மென்பொருள் மாற்ற வேண்டியதில்லை. பார்த்த வரையில் சாஃப்ட் ஃபோர்க்குக்கு இதைவிட உருப்படியான வடிவம் எனக்குத் தென்படவில்லை. முடிவெடுக்கும் நேரத்தையும் அமலாகும் நேரத்தையும் பிரித்து வைத்தது ஒன்றே 2015 பாடத்தைப் படித்ததற்கு அத்தாட்சி.

செயினுக்குள்ளேயே ஓட்டுப் போட்டு முடிவு செய்பவர்கள் தனிக் கூட்டம். டெசோஸில் 2019-இல் ஏதென்ஸ் என்ற முதல் அப்கிரேடிலிருந்து இப்படித்தான்: பேக்கர்கள் (அங்கே பிளாக் உருவாக்குபவர்கள்) ஓட்டுப் போடுவார்கள், 80 சதவீதப் பெரும்பான்மை வந்தால் நோடு புது விதியைத் தானே ஏற்றுக்கொள்ளும். போல்காடாட்டில் விதிகளின் நிரலான ரன்டைமே செயினில்தான் இருக்கிறது. காஸ்மாஸ் செயின்களில் ஓட்டு ஜெயித்ததும் ஒரு பிளாக் எண் நிச்சயமாகும், அந்த எண்ணில் எல்லா நோடும் சொல்லிவைத்த மாதிரி நின்றுவிடும், வேலிடேட்டர்கள் (அங்கே பிளாக்கைச் சரிபார்த்துச் சேர்ப்பவர்கள்) புது மென்பொருள் பைனரியை மாற்றிவிட்டுக் கிளப்புவார்கள். டிக்ரெட்டில் காயினைப் பூட்டி டிக்கெட் வாங்கி வைத்திருப்பவர் ஓட்டு, 75 சதவீதம் வேண்டும்.

சுத்தமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எண்ணிக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், சண்டைக்கு ஒரு களம் இருக்கிறது. ஆனால் ஓட்டு காயினுக்கு, ஆளுக்கு இல்லை. பலருடைய காயினை வாங்கி வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் அந்தப் பலருடைய பலத்தோடு வாக்குச்சாவடிக்கு வரலாம். மைனர் பிடியில் இருந்த பிரேக் பணக்காரர் பிடிக்குப் போகிறது, அவ்வளவே. நூறு, இருநூறு வேலிடேட்டர் உள்ள செயினுக்கு இது பொருந்தும், அங்கே அவர்கள் எல்லோரும் ஒரே அரட்டைக் குழுவில்தான் இருப்பார்கள். பிட்காயினில் இது எடுபடாது.

நாள்காட்டி முறை என்று ஒன்றும் இருந்தது. மொனேரோ நெட்வொர்க்கில் ஆறு மாதத்துக்கு ஒரு ஹார்ட் ஃபோர்க் என்று சில வருடம் பழக்கினார்கள், பிட்காயின் கேஷ் மே 15, நவம்பர் 15 என்று வைத்திருந்தது. பழக்கம் என்பதால் யாரும் தூங்கிவிட மாட்டார்கள், அது லாபம். ஆனால் தேதி பொதுவாக இருந்தால் எதிரணியும் அதே தேதிக்குத் தன் சரக்கை ஏற்றிக்கொண்டு வரும். 2018 நவம்பர் 15-இல் அதுதான் நடந்தது, பிட்காயின் கேஷிலிருந்து பிட்காயின் எஸ்.வி. பிரிந்து போனது.

ஆக என் கட்சி: ஹார்ட் ஃபோர்க் என்றால் பிளாக் எண்ணோ நேரமோ, குறைந்தது சில மாத அவகாசத்தோடு. வேலிடேட்டர்கள் கைக்கடக்கமாக உள்ள செயினில் ஓட்டும் அதைத் தொடர்ந்து ஒரு எண்ணும். பிட்காயின் மாதிரி தலைவர் இல்லாத இடத்தில் ஸ்பீடி ட்ரையல் வகை, ஆனால் மூன்று மாதம் என்பது போதாது. ஏன் என்றால் அதில் மைனருக்கு பிரேக் இருக்கிறது, சாதாரண நோடு வைத்திருப்பவருக்கு இல்லை. ஊரே ஒத்துக்கொண்ட டேப்ரூட்டுக்கு அது உறுத்தவில்லை. 2022 ஏப்ரலில் டெவலப்பர் ஜெரமி ரூபின் தன் பிப்-119 என்ற விதி மாற்றத்துக்கு அதே வழியை முன்மொழிந்தபோது உறுத்தியது. விதியிலேயே கருத்தொற்றுமை இல்லாதபோது மூன்று மாத அவசரத்தில் மைனர்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்று கொதித்தார்கள், எதிர்த்து நிற்கும் நோடு மென்பொருள் பற்றிய பேச்சுகூட அடிபட்டது, முயற்சி அதோடு நின்றது. சிக்னல் காலத்தை ஒரு வருடமாக நீட்டி, வேண்டாம் என்கிற பயனர்கள் ஒன்றுசேர அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் ஐந்தாறு மாதம் கழித்துத்தான் அமல் என்று வைத்திருந்தால் அந்தக் கொதிப்பில் பாதியாவது குறைந்திருக்கும்.