பெரிய பட்ஜெட் அறிவியல் படம்: விமர்சகர் சொல்வதா, தியேட்டர் சொல்வதா?

2010 அக்டோபரில் எந்திரன் வந்தபோது என் அம்மிச்சியை, அதாவது அம்மாவின் அம்மாவை, திருப்பூரில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். காங்கயம் பக்கம் தோட்டங்காட்டிலேயே வாழ்ந்தவர். கடைசிச் சண்டையில் நூற்றுக்கணக்கான ரோபோக்கள் பந்தாகவும் பாம்பாகவும் மாறியபோது தியேட்டரே விசில் அடித்தது. அம்மிச்சி சும்மா உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு கோர்ட் உத்தரவுப்படி சிட்டி என்ற ரோபோ தன் உடம்பை ஒவ்வொரு பாகமாகத் தானே கழற்றி வைத்தது. அப்போதுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: “ஏஞ்சாமி, கெட்ட புத்தியை உள்ள வெச்சது மனுசன். அப்பறம் அதை எதுக்குக் கழட்டிப் போடச் சொன்னாங்க?”

மறுநாள் கிடைத்த விமர்சனங்களையெல்லாம் தேடிப் படித்தேன். ரஜினி, ஷங்கர், கிராஃபிக்ஸ், செலவு எல்லாம் இருந்தது. அம்மிச்சி கேட்ட கேள்வி மட்டும் நான் படித்த எதிலும் இல்லை. படத்தின் நடுமுள்ளே அந்தக் கேள்விதான். இந்த வகைப் படங்களைத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் சரியாகப் பார்க்கிறார்கள் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த முடிவு பாதி மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். எங்கள் வேலையில் ஒரு துணிக்கு இரண்டு பரீட்சை உண்டு. ஒன்று செக்கிங் டேபிள். 3,000 பீஸ் லாட் என்றால் 125 பீஸ் எடுத்துப் பார்ப்போம். எத்தனை பழுது வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். அளவு 2.5 என்ற கணக்கில் 7 பீஸ் வரை பழுது இருந்தால் லாட் பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். தையல் விட்டிருக்கிறதா, ஆயில் கறை இருக்கிறதா, அளவு சரியா என்பதெல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது பரீட்சை தண்ணீர். டேபிளில் அப்பழுக்கில்லாமல் பாஸ் ஆன டீ ஷர்ட்டை ஒரு சலவை போட்டு எடுத்தால், சைடு ஜாயின்ட் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். நூலில் இருந்த முறுக்கு அதுவரை கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

சினிமா விமர்சகர் செக்கிங் டேபிளில் நிற்கிறவர். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வேலை இல்லாமல் ஒரு லாட்கூட கப்பலேறாது. திரைக்கதையில் விட்ட தையலை, வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய துண்டை அவர்தான் முதலில் காட்டுவார். ஆனால் அவர் பெரும்பாலும் ஒரே தடவை பார்க்கிறார், அன்றிரவே எழுதுகிறார். புது உலகம், புது விதிகள் என்று கட்டும் படத்துக்கு அது போதுவதில்லை. குடும்பக் கதையில் அம்மா யார், மாமன் யார் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். அறிவியல் படத்தில் முதல் ஒரு மணி நேரம் விதிகளைக் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும்.

1968-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி வந்தபோது இதுதான் நடந்தது. நியூயார்க்கின் பெரிய விமர்சகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இளைஞர்கள்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். நியூஸ்டே பத்திரிகையில் எழுதிய ஜோசப் கெல்மிஸ் முதலில் படத்தைக் குறை சொன்னார். இன்னொரு முறை பார்த்துவிட்டு, தான் எழுதியதை மாற்றிக்கொண்டு பாராட்டி எழுதினார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. பாஸ் போட்ட லாட்டையோ தள்ளிய லாட்டையோ மறுபடி பிரித்துப் பார்க்க மனசு வேண்டும்.

இதோடு நின்றால் ரசிகர் பக்கம் ஜெயித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். 1982 குறுக்கே வருகிறது. அந்த ஜூன் 25 அன்று ரிட்லி ஸ்காட்டின் பிளேட் ரன்னரும் ஜான் கார்பென்டரின் தி திங்கும் ஒரே நாளில் அமெரிக்காவில் வெளியாயின. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. வந்து, ஊரே அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தி திங்கை விமர்சகர்கள் கிழித்தார்கள், பிளேட் ரன்னருக்குப் பாதிப் பாதி. கூட்டம் இரண்டுக்குமே வரவில்லை. இன்றைக்கு இந்த வகையில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இரண்டும் இருக்கும். இரண்டு தரப்பும் சேர்ந்தே கோட்டை விட்டார்கள்.

அதைவிட எனக்கு வலிப்பது பிளேட் ரன்னருக்கு வெளியீட்டுக்கு முன்பே நடந்த காரியம். முன்னோட்டக் காட்சி பார்த்த பொதுமக்களுக்குப் படம் புரியவில்லை, முடிவும் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், ஹாரிசன் ஃபோர்டை வைத்து ஒரு விளக்கக் குரலைப் பதிவு செய்து ஒட்டினார்கள். சுபமான முடிவு ஒன்றையும் சேர்த்தார்கள். 1992-ல் அந்தக் குரலை எடுத்துவிட்ட பதிப்பு வந்தது, 2007-ல் ஸ்காட் தன் விருப்பப்படி செய்த கடைசிப் பதிப்பு. ஒரு ராத்திரி ரசிகர் கருத்தால் படத்தில் விழுந்த ஒட்டை நீக்க 25 வருடம் ஆகியிருக்கிறது. ஆனால் இந்தத் திருத்தத்துக்கு வழி திறந்ததும் ரசிகர்கள்தான். அந்த விளக்கக் குரல் பெரும்பாலும் இல்லாத, இறுதி செய்யாத பழைய வேலைப் பிரதி 1990, 91-ல் லாஸ் ஏஞ்சலஸில் திரையிடப்பட்டபோது கூடிய கூட்டம்தான் ஸ்டூடியோவை யோசிக்க வைத்தது. முதல் ராத்திரி ரசிகர் வேறு, எட்டு வருடம் கழித்துத் தேடி வந்த ரசிகர் வேறு.

அப்படியானால் ‘ரசிகர்’ என்று நாம் யாரைச் சொல்கிறோம்? அளக்கிறவர்களே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் தியேட்டரில் சீட்டுக் கொடுத்து மார்க் வாங்குகிறது. 2017-ல் வந்த ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடாய்க்கு அந்தச் சீட்டில் ஏ கிரேடு கிடைத்தது. விமர்சனங்களைத் திரட்டிக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ரசிகர் மார்க் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. விமர்சகர் மார்க் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. கோபத்தில் இருப்பவர்கள் கூட்டமாக வந்து தளத்தில் மார்க்கைக் குறைக்க முடியும் என்பதால்தான், 2019-லிருந்து டிக்கெட் வாங்கியதை உறுதி செய்தவர்களின் மதிப்பீட்டை அந்தத் தளம் தனியாகக் காட்ட ஆரம்பித்தது. சோலாரிஸ் கதை இதற்கு நேரெதிர். 2002-ல் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த அந்தப் படத்துக்கு முதல் நாள் சீட்டில் கிடைத்தது எஃப், அதைவிடக் கீழே மார்க்கே கிடையாது. ஜார்ஜ் குளூனி முகத்தைப் பார்த்து வேறு ஏதோ எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, செத்துப்போன மனைவியின் நினைவோடு விண்கலத்தில் தவிக்கும் ஒருவன் கதை கிடைத்தது. அந்த எஃப் விளம்பரத்துக்குக் கிடைத்த மார்க் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

விமர்சகர் பக்கத்து எண்ணிலும் ஒரு சிக்கல். ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம் சராசரி மார்க் இல்லை. நூறு விமர்சகரில் தொண்ணூறு பேர் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்றாலும் 90 தான். பாஸா, ஃபெயிலா என்ற கணக்கு, எங்கள் லாட் மாதிரியே. நாற்பது பேர் கோயில் கட்டிக் கும்பிட்டு, அறுபது பேர் தூக்கி எறிந்த படம் 40 என்று நிற்கும். புதுசாக ஒன்றை முயன்ற அறிவியல் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆட்களைப் பிரிக்கும். எண்ணைப் பார்த்துப் படத்துக்குப் போகிற என் மச்சானிடம் இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். அவர் இன்னும் எண்ணைத்தான் பார்க்கிறார்.

நம் ஊரில் நிலைமை இன்னும் அவசரம். காலைக் காட்சி முடிந்து வெளியே வந்தால் கேட்டிலேயே யூடியூப் சேனல் மைக் நிற்கிறது. கண் கூசிக்கொண்டு வருகிறவரிடம் ‘படம் எப்படிங்கண்ணா’ என்று கேட்டால், ‘வேற லெவல்’ அல்லது ‘மொக்கை’. இரண்டு வார்த்தைக்கு மேல் யோசிக்க நேரமில்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் சங்கமே இந்த மைக்குகளைத் தியேட்டருக்குள் விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. தடை போடுவது எனக்குச் சம்மதமில்லை. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் வாயை யாரும் மூடக்கூடாது. ஆனால் அந்தப் பதிலை மக்கள் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இங்கே விமர்சகர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. 2018-ல் வந்த 2.0 சுமார் 500 கோடி ரூபாய் படம் என்று பேசப்பட்டது. செல்போன் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்பதுதான் அதன் அடித்தளம். அந்த வாதத்துக்கு அறிவியல் எவ்வளவு துணை நிற்கிறது என்று நிதானமாக அலசிய தமிழ் விமர்சனம் அன்று என் கண்ணில் படவில்லை. ‘கிராஃபிக்ஸ் பிரமாண்டம், எமோஷன் குறைவு’ என்று முடித்துக்கொண்டார்கள். எங்கள் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒரு அக்கா மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: “எங்கூட்டுப் பக்கம் டவர் வந்து பத்து வருசமாச்சுங். குருவி டவர் மேலயேதான் உக்காந்திருக்குது. அப்பறம் எப்படிங்?” குருவி குறைவதற்கு ஓட்டு வீடு போனது, தானியம் சிந்தாதது, பூச்சி மருந்து என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். அந்த அக்கா கேட்ட அளவுக்காவது விமர்சகர் கேட்டிருக்க வேண்டும்.

விமர்சகர் தனியாக நின்று ஜெயித்த இடங்களையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. டாம் குரூஸ் நடித்த எட்ஜ் ஆஃப் டுமாரோ 2014-ல் வந்தபோது விமர்சகர்கள் முதல் நாளிலிருந்தே நல்ல படம் என்றார்கள். அமெரிக்காவில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பிறகு வீட்டில் பார்த்தவர்கள்தான் ‘இதை எப்படி விட்டோம்’ என்று கேட்டார்கள். 2017-ன் பிளேட் ரன்னர் 2049-ம் அப்படித்தான். 150 மில்லியன் டாலருக்கு மேல் செலவு, உலக வசூல் 280 மில்லியனைக்கூடத் தொடவில்லை. வசூலில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும் என்பதால் அது நஷ்டம்தான். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ரோஜர் டீக்கின்ஸுக்கு ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரும் கிடைத்தது. அதே காலத்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நான்காம் பாகம் 100 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. விமர்சகர்கள் அடித்து நொறுக்கிய படம் அது. அதை மறுபடி திரையிடச் சொல்லி யாரும் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

அதனால் என் கணக்கு இப்போது இப்படி. படம் வருவதற்கு முன்பும் வந்த முதல் மூன்று நாளும் விமர்சகரைத்தான் நம்புவேன், எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படிப்பேன். ரசிகர் மன்றம், எதிர் மன்றம், விளம்பரம் மூன்றும் சேர்ந்து அந்த மூன்று நாளில் தியேட்டர் சத்தத்தைக் கலக்கிவிடும். இரண்டாவது வாரத்திலிருந்து ரசிகரை நம்புவேன். வேலை நாள் சாயங்காலக் காட்சிக்கு யார் வருகிறார்கள், ரெண்டாம் தடவை யார் வருகிறார்கள், வீட்டில் எதைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது என்பது முக்கியம். பிரமிப்பு என்பது இந்த வகைப் படத்துக்கு உயிர். அது ஒட்டுகிறதா, முதல் தண்ணியிலேயே சாயம் போகிறதா என்பதை டேபிளில் நின்று சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டாம் வாரத்து ரசிகரைத்தான் எடுப்பேன்.

கிறிஸ்டோபர் நோலனின் இன்டர்ஸ்டெல்லர், மகளைப் பூமியில் விட்டுவிட்டு விண்வெளிக்குப் போகும் ஒரு அப்பாவின் கதை. அது 2014-ல் வந்தபோது விமர்சகர்கள் முழுசாகக் கைதட்டவில்லை. வசனம் அதிகம், அன்பைப் பற்றி அதில் வரும் விஞ்ஞானிப் பெண் பேசுவது ஒட்டவில்லை என்றெல்லாம் எழுதினார்கள். குறை சொன்ன இடங்களில் பாதியை நானும் ஒத்துக்கொள்வேன். 2025 பிப்ரவரி 7-ல் அது இந்தியாவில் மறுபடி வந்தது. கோவையில் டிக்கெட் கிடைக்க நானும் என் பங்காளியும் நாலு நாள் முயன்றோம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் முதல் வெளியீட்டின்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.

எனக்குப் பின்வரிசையில் ஒரு அப்பாவும் எட்டு ஒன்பது வயசுப் பெண்ணும். தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருடம் என்று வந்ததுமே அப்பா காதோடு காதாக விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே போனவர்கள் கலத்துக்குத் திரும்பி வந்ததும் 23 வருடம் போய்விட்டது என்று தெரிகிறது. ஹாலில் ஒரு சத்தமில்லை. அந்தப் பெண் குழந்தை மட்டும் கொஞ்சம் உரக்கவே கேட்டது:

“அப்பா, அப்படின்னா அந்தப் பாப்பா அவங்கப்பாவை விடப் பெருசாயிருமாங்கப்பா?”

அவர் பதில் சொல்லவில்லை. “பாரு கண்ணு, இப்ப வரும்” என்று மட்டும் சொன்னார். குரல் கம்மியிருந்தது.